பிழையில்லாத கடிதம்

1

இந்தக் கதை ஒரு கடிதத்திலிருந்து பிறந்தது. அந்தக் கடிதத்தை எழுதியது நான். கோபம் இன்னும் ஆறவில்லை. வாக்கியங்கள் முறைத்துக்கொண்டு நின்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கோடை விடுமுறையில் தொண்டு செய்யப் போன இடத்தில் ஒரு வைரத்தைக் கண்டெடுத்தேன். அது"

(அடித்துவிட்டேன். ஒன்பது வயதுப் பிள்ளையை வைரம் என்றது எனக்கே பொறுக்கவில்லை.)

2

நடந்தது இதுதான். வயதுக்கு மீறிய அறிவுள்ள பிள்ளைகளுக்காக ஆறு வார முகாம். பள்ளிக்கூட மாடியில் பிள்ளைகள். கீழே, செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்குப் பெற்றோருக்கு வகுப்பு. பிள்ளை ஓயாமல் கேள்வி கேட்டால் எரிந்து விழாமல் இருப்பது எப்படி, சலிப்பில் முரண்டு பிடித்தால் என்ன செய்வது என்றெல்லாம் சொல்லித் தந்தார்கள். நல்ல வகுப்பு. ஆனால் இரண்டு முறை பெற்றோர் வராவிட்டால் பிள்ளையை நீக்கிவிடுவார்கள். வருகைப் பதிவேடு என் கையில்.

சுண்டு என்று வீட்டில் கூப்பிடும் சிறுமியின் அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. அப்பா இல்லை. (ஏன் இல்லை என்று நான் கேட்கவில்லை. கதைக்காக ஒரு காரணம் ஜோடிக்கவும் மாட்டேன்.)

3

இரண்டாவது வாரம் சுண்டு ஒரு தாளை என்னிடம் நீட்டினாள். முழுக்கக் கட்டங்கள்.

"இது என்னம்மா?"

"அம்மா வேலை செய்யுற எடத்து லிஃப்ட், மிஸ். அழுக்குத் துணி வண்டியெல்லாம் அதுக்காக நின்னுட்டே இருக்கு. மூணாவது மாடியிலேருந்துதான் நெறைய வண்டி வருது. சும்மா இருக்கும்போது லிஃப்ட் அங்கேயே நின்னா, காத்திருக்கிற நேரம் பாதியாயிடும்."

"நேரமெல்லாம் யார் குறிச்சா?"

"அம்மாதான். வேலைக்கு நடுவுல துணிச் சீட்டுக்குப் பின்னாடி எழுதிட்டு வருவாங்க. முகாமுக்கு முன்னாடியிருந்தே, மூணு வாரமா."*

* கீழ்த்தள வகுப்பில் நிபுணர் சொன்னது: "பிள்ளையின் கேள்வியோடு கூடவே நடங்கள்." பெற்றோர் எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். நானும்.

4

சுண்டுவின் அம்மாவுக்கு வேலை நேரம் மாறியது. இரண்டு செவ்வாய்கள் வரவில்லை. முகாம் ஒருங்கிணைப்பாளர் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க எழுதுறவங்க. பாப்பாவை நீக்குறோம்னு, மனசு நோகாம ஒரு கடிதம் எழுதிக் கொடுங்க."

இந்த இடத்தில், கதையின் மூன்றாம் பிரதியில் நான் மேசையைத் தட்டி, "மாட்டேன்" என்கிறேன். படிக்க நன்றாக இருந்தது. பொய். உண்மையில் நான் கேட்டது, "எத்தனை பத்தி சார்?"

மூன்று பத்தி. ஒரு பிழை இல்லை. "வருத்தத்துடன்" என்ற சொல்லை இரண்டு முறை போட்டிருந்தேன்.

மறுநாள் அந்த அம்மா சீருடையோடு ஒருங்கிணைப்பாளர் முன்னால் வந்து நின்றார். கையில் ரப்பர் வளையம் போட்ட துணிச் சீட்டுக் கட்டு. அதை மேசைமேல் வைத்தார்.

"நான் வகுப்புக்கு வரலன்னா அவ அறிவு கொறஞ்சிடுமா சார்?"

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. நாப்பது பேர் காத்திட்டிருக்காங்க."

"பத்து மணிக்கு வர்றவங்க நாப்பது பேரா?"

ஒருங்கிணைப்பாளர் சீட்டுக்கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். லிஃப்ட் கணக்கைப் பற்றிச் சொல்ல அரை நிமிஷம் போதும். வாயில் கொழுக்கட்டை. சுண்டு மாடியிலிருந்து பையோடு இறங்கி வந்தாள். அழவில்லை. தன் பெயர் அட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள்; திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள் என்று நினைத்திருக்கிறாள்.

5

ஒரு வாரம் கழித்துச் சலவைக்கூடத்துக்குப் போனேன். நீராவியில் கண்ணாடி மங்கியது. இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டியிருந்தது.

"சனிக்கிழமை நான் வீட்டுக்கு வந்து பாப்பாவோட உக்காரட்டுமா?"

அவர் விரிப்பின் இரு முனைகளைச் சேர்த்து மடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"வேணாம் மேடம். நீங்க கெட்டவங்க இல்ல. ஆனா ஒரு நாள் நான் வீட்டுல இல்லன்னா, நீங்களும் ஒரு கடிதம் எழுதுவீங்க."

"எழுத மாட்டேன்."

"அந்தக் கடிதம் நீங்க எழுதினதுன்னு பாப்பாதான் சொன்னா. 'மிஸ் இப்படித்தாம்மா பேசுவாங்க'ன்னா."

6

சுண்டு பின்னாளில் பொறியாளராகி அதே மருத்துவமனைக்கு வருகிறாள் என்று ஒரு முடிவு எழுதினேன். அந்த அம்மா என்னை மன்னிக்கிறார் என்று இன்னொன்று. இரண்டையும் கிழித்தாயிற்று. அவள் எப்படியும் முன்னுக்கு வந்துவிடுவாள் என்று முடித்தால் நீங்களும் நானும் நிம்மதியாகக் காப்பி குடிக்கப் போவோம். அந்த நிம்மதியை நான் தருவதாக இல்லை. இப்போது அவள் என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

முடிவு வேண்டுமென்றால் நீங்கள் எழுதுங்கள். ஆனால் அந்த அம்மாவுக்கு எந்த நாள், எத்தனை மணி வசதிப்படும் என்று முதலில் அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.