வில்மா வீட்டுக் கழிப்பறை நாட்காட்டி

எங்கள் ஊர் சைக்கிள் பாதையில் இரண்டு பேர்தான் பக்கத்துப் பக்கத்தில் போகலாம். மூன்றாவது ஆள் பின்னால்தான் வர வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக ஆகஸ்டு சனிக்கிழமைகளில் வில்மாவும் நானும் ஜோடியாகவே போனதால், மூன்றாவது இடம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இந்தக் கோடையில் தெரிந்துகொண்டேன்.

வில்மாவின் தெருவுக்குப் புதிதாக லீஸ்பெத் குடிவந்தாள். புருஷனைப் பறிகொடுத்தவள். "பாவம்டீ, தனியா இருக்கா, கூட்டிட்டுப் போவோம்" என்றாள் வில்மா. முதல் வாரம் அவள் பாவம். இரண்டாவது வாரமும் அவள் பாவம். கடைசி வாரம் பார்த்தால் பாவப்பட்டவள் நான்.

அந்தச் சனிக்கிழமை மிடில்பர்கிலிருந்து டோம்பர்க் கடற்கரைக்குக் கிளம்பினோம். பாதைகள் சந்திக்கிற இடத்திலெல்லாம் கம்பத்தில் ஒரு எண் இருக்கும். போகிற வழிக்கான எண்களை முந்தின நாளே ஒரு துண்டுச் சீட்டில் வரிசையாக எழுதி வில்மாவின் ஹேண்டில்பாரில் ஒட்டுவது என் வேலை. அன்று சீட்டோடு போனால், ஏற்கெனவே ஒன்று ஒட்டியிருந்தது. குண்டு குண்டாக லீஸ்பெத்தின் கையெழுத்து.

"இந்த வாரம் நீ ரெஸ்ட் எடு, கோரி," என்றாள் வில்மா. "லீஸ்பெத் மணல்மேட்டு வழியா ஒரு புது ரூட் கண்டுபிடிச்சிருக்கா."

"அந்தப் பக்கம் எதிர்காத்து அடிக்கும்."

"அடிச்சா அடிக்கட்டும்டீ. கரைஞ்சா போயிடுவோம்?"

அடித்தது. பேய்க்காற்று. நான் தலையைக் குனிந்து மிதித்தேன். நிமிர்ந்தபோதெல்லாம் கண்ணில் பட்டவை இரண்டு முதுகுகள். ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி இல்லை. அவர்கள் சிரித்தது மட்டும் காற்றில் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது.

"என்னடி அப்படிச் சிரிப்பு?" என்று கத்தினேன்.

"ஒண்ணுமில்லடீ, வந்து சொல்றேன்!"

சொல்லவே இல்லை. என் வயிற்றெரிச்சல் எனக்கு.

டோம்பர்க்கில் மேசைக்குச் சிப்பிச் சட்டி வந்தது. சட்டியில் கடைசிச் சிப்பி எப்போதும் எனக்குத்தான். வில்மா அதை எடுத்து லீஸ்பெத்தின் தட்டில் வைத்தாள். சிரிக்காதீர்கள். அறுபத்தொரு வயதில் ஒரு சிப்பிக்காக எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"உங்க பிறந்தநாள் எப்போ, கோரி?" என்றாள் லீஸ்பெத், வில்மா காசு கொடுக்க எழுந்து போனதும். சும்மா பேச்சுக் கொடுக்கிறாளாம்.

"செப்டம்பர் மூணு."

"அட, கிட்டத்துலயே வருதே!"

நான் பதிலுக்குக் கேட்கவில்லை. அவளும் தன் தேதியைச் சொல்லவில்லை.

சாயங்காலம் வில்மா வீட்டில் காபி. நான் கழிப்பறைக்குப் போனேன். டச்சுக்காரர்கள் எங்கள் வீடுகளில் பிறந்தநாள் காலண்டர் அங்கேதான் தொங்கும். அதில் வருஷமும் இல்லை, கிழமையும் இல்லை, தேதியும் பெயரும் மட்டும். உட்கார்ந்த நேரத்தில் பார்த்து நினைவு வைத்துக்கொண்டு அன்றைக்கு அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். யாரும் யாரையும் அழைக்க மாட்டார்கள்.

அவசரக்குடுக்கை வில்மா, ஆகஸ்டு முடிவதற்குள்ளேயே செப்டம்பர் பக்கத்தைத் திருப்பி வைத்திருந்தாள். ஒன்றாம் தேதிக்கு நேராகப் புது மையில் லீஸ்பெத்தின் பெயர். பக்கத்தில் ஒரு பூ.

பூ! இத்தனை வருஷத்தில் யார் பெயருக்கும் வில்மா பூ வரைந்து நான் பார்த்ததில்லை. அந்தப் பூவுக்குக் கீழே வேறு என்ன இருக்கிறது என்று பார்க்கக்கூட எனக்குப் பொறுமையில்லை. பக்கத்தை மறுபடி ஆகஸ்டுக்கே திருப்பிப் போட்டேன். ஒருமுறை திருப்பியாயிற்று என்று வில்மா இனி அதில் கை வைக்க மாட்டாள். கையைக் கழுவினேன். வெளியே வந்து இரண்டாவது காபியும் குடித்தேன்.

திங்கட்கிழமை ஒன்றாம் தேதி. காலையில் கடைக்குப் போகிற சாக்கில் அந்தத் தெரு வழியாகப் போனேன். வில்மா பாட்டுக்குச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கையில் பூங்கொத்தும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

புதன்கிழமை என் பிறந்தநாள். ஆப்பிள் கேக் செய்து, நாற்காலிகளை வட்டமாகப் போட்டு வைத்தேன். பத்தரைக்கு முதல் ஆளாக மணியடிப்பவள் வில்மா; மற்றவர்கள் சாயங்காலம்தான் வருவார்கள். பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டும் ஆயிற்று. அப்போதுதான் சுரீரென்று உறைத்தது. ஒன்றாம் தேதி இருக்கிற பக்கத்தில்தானே மூன்றாம் தேதியும் இருக்கிறது! என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். அதைவிட வலித்தது இன்னொன்று. இருபத்திரண்டு வருஷமாக என்னை நினைவு வைத்திருந்தது வில்மா இல்லை, அந்தக் காலண்டர்.

இரண்டு மணிக்கு மணி அடித்தது. ஓடிப்போய்த் திறந்தேன். சூரியகாந்திக் கொத்தோடு லீஸ்பெத் நின்றாள்.

"வாழ்த்துகள், கோரி! வில்மா எங்கே?"

"வரலை."

வட்டமாகக் கிடந்த காலி நாற்காலிகளைப் பார்த்தாள். ஒன்றில் உட்கார்ந்தாள். கேக் கொடுத்தேன்.

"எனக்கும் வரலை," என்றாள் மெதுவாக. "முந்தாநாள் எனக்குப் பிறந்தநாள். அவர் போனப்புறம் முதல் தடவை. கேக் பண்ணி வெச்சிட்டு ஜன்னல்லயே நின்னேன். எதிர் வீட்ல அவ செடிக்குத் தண்ணி ஊத்துறா, என்னைப் பார்த்துக் கைய வேற ஆட்டுறா. நானாப் போய்ச் சொல்ல வாய் வரலை. கடைசில கேக்கைக் கடல்பறவைக்குப் போட்டேன். உங்களுக்கும் யாரும் வராமப் போயிட்டா என்ன பண்றதுன்னு தோணிச்சு, வந்தேன்."

என் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"வில்மா மேல தப்பில்ல," என்றேன். "அவ காலண்டர்ல பக்கத்தைத் திருப்பிப் போட்டது நான்."

முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எதுக்கு?"

"நீ அவ பக்கத்துல போற. நான் பின்னாடி வர்றேன்."

வாய்விட்டுச் சொன்னபோது எனக்கே கேவலமாக இருந்தது. அவள் எழுந்தாள். போய்விடுவாள் என்று நினைத்தேன்.

"கழிப்பறை எங்கே?"

காட்டினேன். உள்ளே தண்ணீர் விடும் சத்தமே கேட்கவில்லை. வெளியே வந்து, மிச்சக் கேக்கை நின்றபடியே சாப்பிட்டு முடித்தாள்.

"வில்மாகிட்ட நீயே சொல்லிடு. நான் சொல்ல மாட்டேன்," என்றாள். இதுவரை அவள் என்னை நீ என்று சொன்னதில்லை.

அவள் போனபிறகு உள்ளே போய்ப் பார்த்தேன். என் காலண்டரில் செப்டம்பர் ஒன்றாம் தேதிக்கு நேராக, குண்டு குண்டாக, லீஸ்பெத். அழுத்தி எழுதியதில் அக்டோபர் பக்கத்திலும் தடம் விழுந்திருந்தது. அடுத்த வருஷம் மறந்துவிட்டேன் என்று என்னால் சொல்ல முடியாது.

அவள் பூ எதுவும் வரையவில்லை. கயிற்றில் தொங்கிய பேனாவை எடுத்தேன். எனக்குப் பூ வரைய வராது. இருந்தாலும் ஒன்று போட்டேன்.