சின்ன ஃபேன், பெரிய ஃபேன்

கடைத்தெருவில் எனக்குக் 'கடுகு' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, பொரிந்துவிடுவேன் என்று பயம். பதினெட்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறேன். என்னிடம் வருகிற பெட்டிகளில் பாதி தானாகக் கெட்டவை அல்ல, வீட்டில் இருக்கும் அதிமேதாவிகள் கெடுத்தவை. கீபோர்டைச் சோப்புத் தண்ணீரில் அலசி வெயிலில் காயப்போட்டவரையும் பார்த்திருக்கிறேன். இவர்களிடமெல்லாம் வாயை மூடிக்கொண்டு வேலை பார்க்க எனக்குத் தெரியாது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது போன மழைக்காலத்தில்.

ஒரு பெரியவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்கப் படியேறி வந்தார். மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்ததில் காது மந்தமாகிவிட்டது என்று முதலிலேயே சொன்னார். அதனால் அவரும் கத்திப் பேசுவார், நானும் கத்த வேண்டும். என் சுபாவத்துக்கு அது வசதிதான். பெட்டி பையனுடையதாம். ஆன் செய்தால் பத்து நிமிஷத்தில் தானே அணைந்துவிடுகிறதாம்.

"முன்ன எப்படி ஓடுச்சோ, அப்படியே ஓடணும் தம்பி" என்றார். இரண்டு தரம் சொன்னார். நான் தலையை ஆட்டினேனே தவிர அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காது மந்தம் அவருக்கு மட்டும் இல்லை.

பெட்டியைத் திறந்தால் உள்ளே, திரையில் படம் வரைவதற்கென்றே இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுகள் இரண்டு. ஒன்று புதுசு, குட்டையானது, சின்னச் சின்னதாக இரண்டு ஃபேன். மற்றது ஏழெட்டு வருஷப் பழசு, செங்கல் கனம், அகலமான மூன்று ஃபேன். வயதும் வேறு, வேகமும் வேறு. இந்த ஜோடி விளையாட்டுக்கு உதவாது. ஆனால் வீட்டுப் படம் போடுகிறவர்கள் இப்படி வைத்துக்கொள்வது உண்டு. கட்டப்போகும் வீடு எப்படி இருக்கும் என்று ஃபோட்டோ மாதிரியே படம் செய்து கொடுப்பது அவர்கள் தொழில். ஒரு படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து இரண்டு கார்டும் பங்கு போட்டு முடிக்கும். பொருத்தம் இல்லாவிட்டாலும் குடித்தனம் நடக்கும்.

பவர் சப்ளை நொந்துபோயிருந்தது. அதை மாற்றினேன். அத்தோடு கையைக் கழுவிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும்.

சோதனைக்காக ஓடவிட்டபோது கார்டுகளின் செட்டிங் கண்ணில் பட்டது. கம்பெனி குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேல் கார்டை விரட்டுவதை ஓவர்கிளாக் என்பார்கள். பையன்களுக்கு அதில் ஒரு வெறி. யாராக இருந்தாலும் புதுக் கார்டைத்தான் விரட்டுவார்கள். இங்கே எல்லாம் தலைகீழாக இருந்தது. புதுசின் வேகத்தைப் பாதிக்குக் கிட்டத்தட்டக் குறைத்து வைத்திருந்தான். பழசை உயிர் போகிற விளிம்புவரை ஏற்றியிருந்தான். குதிரையைக் கட்டிப்போட்டுவிட்டுக் கிழட்டு மாட்டை ஓடவிட்டிருக்கிறானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டுக்கும் தனித்தனியாக எண்கள் போட வேண்டும், அரைவேக்காடு இதற்குப் போட வேண்டியதை அதற்குப் போட்டுவிட்டான் என்று முடிவு கட்டினேன்.

எதையும் கலைப்பதற்கு முன் குறித்து வைத்துக்கொள்வது எங்கள் தொழிலில் பாலபாடம். நான் குறிக்கவில்லை. முட்டாள்தனத்தை யாராவது குறித்து வைப்பார்களா? ரீசெட்டை அழுத்தினேன். புதுசை நன்றாக ஏற்றிவிட்டேன், பழசைக் கம்பெனி வேகத்துக்கே இறக்கினேன், பையன் சேமித்திருந்த இடத்திலேயே என் எண்களைச் சேமித்தேன். பெட்டியில் கிடந்த ஒரு படம் முக்கால் மணி நேரத்துக்குப் பதிலாக அரை மணியில் முடிந்தது. என் முதுகை நானே தட்டிக்கொடுக்காத குறை.

பெரியவர் வாங்கிப்போக வந்தபோது கால் மணி நேரம் அவரை நிற்க வைத்துப் பிரசங்கம் செய்தேன்.

"உங்க பையன்கிட்ட சொல்லுங்க, தெரியாத வேலையில கை வைக்கக் கூடாதுன்னு."

"சொல்றேன் தம்பி."

"இப்படியே ஓட்டியிருந்தா அந்தப் பழைய கார்டு என்னைக்காவது புகைஞ்சிருக்கும். அதையும் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பார்த்துப் பார்த்துப் படி இறங்கினார்.

ஐந்தாம் நாள் அதே பெட்டியோடு வந்து நின்றார். ஓடவில்லையா என்று கேட்டேன். ஓடுகிறதாம், வேகமாகவே ஓடுகிறதாம், ஆனால் வீட்டில் இது வேண்டாம் என்கிறார்களாம். வேகமாக ஓடினால் உங்கள் வீட்டில் யாருக்கு வலிக்கிறது என்று பொரிய ஆரம்பித்தேன். பையனை நேரில் வரச்சொல்லுங்கள், அவனிடமே பேசிக்கொள்கிறேன் என்றேன்.

பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்தார். எப்போதும் கத்திப் பேசுகிறவர் அப்போது கத்தவில்லை.

"அவன் இல்லப்பா. அஞ்சு மாசம் ஆச்சு."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். இருபத்தாறு வயது, ஒரே பிள்ளை. வேலை விஷயமாகப் பைக்கில் போனவனை லாரி அடித்துவிட்டது. அவன் அம்மாவுக்குப் பல வருஷமாக ஒற்றைத் தலைவலி. மத்தியானம் ஆனால் திரையை இழுத்துவிட்டு, கண்மேல் ஈரத்துணி போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். பக்கத்து அறையில் மகன் ஏதாவது ஒரு படத்தை ஓடவிட்டிருப்பான். சுவருக்கு அப்பால் பெட்டி இரைகிற அந்தச் சத்தத்தில்தான் அம்மா கண் அயர்வது. அவன் போன பிறகு வீடு நிசப்தமாகிவிட்டது, தூக்கமும் போய்விட்டது. அவனுடைய சிநேகிதன் ஒருவன் வந்து, எந்தப் பொத்தானை அழுத்தினால் படம் ஓடும் என்று பெரியவருக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறான். அன்று முதல் தினமும் மத்தியானம், மகன் கடைசியாகச் செய்த படத்தையே இவர் ஓடவிடுகிறார். யார் வீட்டுக் கூடமோ அது. ஒரே கூடத்தை நூறு தடவையாவது போட்டிருப்பாராம். அது ஓடும் வரைக்கும் அம்மா தூங்குவார். இருபத்துநான்கு மணி நேரத்தில் அவ்வளவுதான் தூக்கம்.

"எனக்கு எல்லாச் சத்தமும் ஒண்ணுதான் தம்பி. அவதான் சொல்றா, இது அவன் வச்ச சத்தம் இல்லன்னு."

அவர் 'சொல்றேன்' என்று என்னிடம் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கே போய்ச் சொல்வார்? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பெட்டியை மேஜைமேல் வைத்து, கடைக் கதவைச் சாத்தி, படத்தை ஓடவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டேன். முதல் தடவை கண்ணால் மட்டும்தானே பார்த்தேன். புதுக் கார்டு சூடேறி, அதன் சின்ன ஃபேன் வேகம் எடுத்ததும் கீச்சென்று மெல்லிய விசில் ஒன்று கிளம்பியது. நல்ல தலைக்கே அது எரிச்சல், தலைவலிக்காரருக்கு ஊசி. பழசின் பெரிய ஃபேனை எவ்வளவு விரட்டினாலும் அடிக்குரலில்தான் உறுமியது. எல்லாம் தெரிந்தேதான் செய்திருக்கிறான். அம்மாவுக்காகச் சின்னதை அடக்கி வைத்தான். அதனால் குறைந்துபோன வேலையைப் பெரியதன் தலையில் ஏற்றி, பிழைப்பும் கெடாமல் பார்த்துக்கொண்டான். எத்தனை வாரம் ஏற்றி இறக்கிப் பார்த்தானோ. கடைசியில் அவன் விட்டுப்போனது எட்டோ பத்தோ எண்கள். அரைவேக்காடு நான்தான்.

பெரியவரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். உங்கள் பையன் சரியாகத்தான் வைத்திருந்தான், நான்தான் அழித்துவிட்டேன், எண்கள் என்னிடம் இல்லை என்று அவர் காதருகே கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. அதைவிடக் கேவலமாக நான் ஒருநாளும் உணர்ந்ததில்லை. அவர் திட்டியிருந்தால் தேவலை. மறுபடி அப்படியே வைக்க முடியுமா என்று மட்டும் கேட்டார். முடியும் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வீட்டுக்கு வந்து முயற்சி செய்கிறேன் என்றேன். அந்த அறையில், அந்த மேஜைக்கு அடியில், அந்தச் சுவரை ஒட்டி வைத்துக் கேட்டால்தான் அது அந்தச் சத்தம். அதை அடையாளம் சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான்.

மறுநாள் மத்தியானம் போனேன். அந்த அம்மா ஈரத்துணியைக் கையில் பிடித்துக்கொண்டு மகன் அறை வாசலுக்கு வந்து நின்றார். மெலிந்த உடம்பு. வெளிச்சம் தாங்காமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டார். நான்தான் அழித்தவன் என்று அவரிடமும் சொன்னேன். "தெரியாமத்தானே பண்ணினீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். பையனின் நாற்காலியில் உட்கார எனக்கு மனம் வரவில்லை. ஒரு முக்காலி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

முதல் நாள் முழுக்க வீண். எண்ணை மாற்றுவேன், படத்தை ஓடவிடுவேன், கார்டு சூடேறி ஃபேன் ஒரு நிலைக்கு வரக் காத்திருப்பேன். சுவருக்கு அப்பாலிருந்து, "இது இல்ல தம்பி" என்று குரல் வரும். கோபம் இல்லாத குரல். பழைய கார்டின் வேகத்தில் ஐந்து புள்ளி கூட்டினால் திரை கறுத்துப் பெட்டி செத்துவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஐந்து புள்ளி குறைத்தால் உறுமல் போதவில்லை என்பார். பெரியவர் கூடத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குச் சத்தம் கேட்காது, என் முகத்தில்தான் விடை தெரிய வேண்டும்.

இரண்டாம் நாள் விசில் போயிற்று. ஆனால் ஏதோ ஒன்று இன்னும் விட்டு விட்டுக் கேட்கிறது என்றார் அந்த அம்மா. எனக்கு அது கேட்கவே இல்லை. தரையில் படுத்து, பெட்டியோடு காதை ஒட்டவைத்துக் கேட்டேன். நிஜம்தான். சின்ன ஃபேன் வினாடிக்கொரு தரம் கூடிக் குறைந்துகொண்டிருந்தது. பதினெட்டு வருஷ அனுபவஸ்தனுக்குக் கேட்காதது, சுவருக்கு அந்தப் பக்கம் கண்ணை மூடிப் படுத்திருந்தவருக்குக் கேட்டது. அந்தக் காதுக்கு ஏற்ற மாதிரிதான் அவன் வைத்திருக்க வேண்டும். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. நான் யாருக்காகவும் இவ்வளவு பாடுபட்டு ஒரு ஃபேனைத் திருத்தியது இல்லை.

மூன்றாம் நாள் சின்னதின் ஃபேனை ஒரே வேகத்தில் கட்டிப்போட்டேன். அந்த வேகத்தில் சூடு தாங்கும்படி அதன் சக்தியை இன்னும் ஒரு பிடி குறைத்தேன். பழசை இரண்டு இரண்டு புள்ளியாக ஏற்றி, செத்துப்போகும் இடத்துக்கு ஒரு நூல் இந்தப் பக்கம் நிறுத்தினேன். படத்தை ஓடவிட்டேன். அறைக்குள் அடிக்குரலில் சீராக ஓர் உறுமல் மட்டும் நின்றது.

சுவருக்கு அப்பாலிருந்து குரல் வரவில்லை. ஐந்து நிமிஷம் போயிற்று, பத்து நிமிஷம் போயிற்று. திரையில் அந்தக் கூடம் கட்டம் கட்டமாக நிரம்பிக்கொண்டிருந்தது. பெரிய ஜன்னல், வெள்ளைச் சுவர், யாரும் உட்காராத சோபா. இந்தத் தடவை எண்களை மூன்று இடத்தில் எழுதினேன். பெரியவர் எட்டிப் பார்த்து என்ன என்று கையால் கேட்டார். தெரியவில்லை என்று நானும் கையை விரித்தேன்.

நாற்பத்து நான்காவது நிமிஷம் படம் முடிந்தது. பெரிய ஃபேன் மெல்லத் தணிந்தது, சின்னதும் நின்றது. சரியா இல்லையா என்று கேட்பதற்காக எழுந்து பக்கத்து அறை வாசலுக்குப் போனேன். உள்ளே இருட்டு. அந்த அம்மா கண்மேல் துணியோடு மல்லாந்து படுத்திருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டதும் நீட்டியிருந்த காலை மடக்கிக் கட்டிலின் ஓரத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டார்.

"முடிஞ்சுதாடா?" என்றார்.

எனக்கு வாய் வரவில்லை. ஊரெல்லாம் பொரிகிற வாய். அவர் காத்திருந்தார். வேறு வழியில்லாமல், "நான்தாம்மா, மெக்கானிக்" என்றேன்.

அவர் துணியை விலக்கி என்னைப் பார்த்தார்.

"இதேதான் தம்பி. அப்படியே வச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, மடக்கின காலை மறுபடி நீட்டிக்கொண்டார்.