கூடுதலாக ஒரு பித்தளைக் கால்

குடும்பத்தில் அவனுக்கு ரிப்பேர் என்று பெயர். பத்து வயதில், நின்றுபோன சுவர்க்கடிகாரம் ஒன்றைத் திறந்து ஓட வைத்தபோது ஒட்டிக்கொண்ட பெயர் அது. நாற்பத்தொரு வயதாகி, சரக்கு லாரி அலுவலகம் ஒன்றில் பில் போடும் எழுத்தராகி, முன்மண்டையில் முடி உதிர்ந்த பிறகும் அந்தப் பெயர் மட்டும் உதிரவில்லை. "ஏதாவது ரிப்பேர்னா இவனக் கூப்பிடுங்க. இல்லன்னா, இவனக் கூப்பிடுங்க, ஏதாவது ரிப்பேர் ஆகும்" என்பார் அத்தான். எல்லோரும் சிரிப்பார்கள், அவனும் சேர்ந்து சிரிப்பான். உள்ளுக்குள் அந்தப் பெயரில் அவனுக்கு ஒரு பெருமை உண்டு. அலுவலகத்தில் அவன் வந்தானா வரவில்லையா என்பதே பல நாள் யாருக்கும் தெரியாது. அக்கா வீட்டிலோ, மிக்ஸி நின்றுபோனால் அவன் வந்து சேரும்வரை ஒருவரும் அதைத் தொடமாட்டார்கள்.

அக்கா கட்டட வரைபடம் போடுகிறவள். வீட்டின் முன்னறையில் மேசை போட்டு, நாலைந்து கட்டட ஒப்பந்தக்காரர்களுக்கு வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பழைய கம்ப்யூட்டர் மூச்சுத்திணறத் தொடங்கி ஒரு வருடமாகிவிட்டது. "மாடிப்படி ஒண்ணு வரைஞ்சா, அது திரையில வர்றதுக்குள்ள நான் நெஜமாவே மாடிக்குப் போய்த் துணி காயப்போட்டுட்டு வந்துடலாம்" என்று அலுத்துக்கொண்டாள். ரிப்பேர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். "ரெடிமேடா எதுவும் வாங்காதக்கா. ஒவ்வொண்ணாப் பாத்து வாங்கி நானே அடுக்கித் தர்றேன்."

இதற்கு முன் அவன் முழுக் கம்ப்யூட்டர் எதையும் அடுக்கியதில்லை. மெமரி மாற்றியிருக்கிறான், மின்விசிறியில் தூசி தட்டியிருக்கிறான். மீதியை வீடியோ பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்பது அவன் கணக்கு.

கடைத்தெருவில் மாடி ஏறிப் போகும் ஒரு கடையில் எல்லாம் வாங்கினார்கள். அங்கே சோதனை மேசையில் உட்கார்ந்திருந்த டெக்னீஷியன் முப்பது வயதுப் பெண். அதிகம் பேசாதவள். மதர்போர்டை அட்டைமேல் வைத்து, பிராசஸரையும் மெமரியையும் பொருத்தி, அவர்கள் கண் முன்னாலேயே உயிர் கொடுத்துக் காட்டினாள். பிறகு 'சோதித்தது' என்று எழுதிக் கையெழுத்திட்ட சின்ன ஸ்டிக்கரைப் பெட்டியில் ஒட்டினாள். "எல்லாத்தையும் உள்ள மாட்டற கேஸ் பெருசு, போர்டு சின்னது சார். மாட்டறதுக்கு முன்னாடி கேஸோட வந்த காகிதத்த ஒரு தடவ பாத்துக்கங்க" என்றாள். அவன் தலையாட்டினான். காகிதம் படித்துச் செய்வதெல்லாம் தெரியாதவர்களுக்கு என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டு முன்னறையில் தரையில் விரிப்பைப் போட்டு உட்கார்ந்தான். புதுக் கேஸ் கறுப்பாக, ஒரு பக்கம் கண்ணாடியுடன், மணப்பெண் மாதிரி பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து வந்தது. உள்ளே தகட்டில் ஒன்பது சிறு பித்தளைக் கால்கள் முளைத்திருந்தன. மதர்போர்டு தகட்டில் உரசாமல் அந்தக் கால்களின் மேல்தான் நிற்க வேண்டும். ஆனால் அக்காவின் போர்டுக்கு எட்டுத் துளைதான். துளையில்லாத இடத்தில் பித்தளை பட்டால் ஷார்ட் ஆகிப் போர்டு கருகிவிடும், அதனால் ஒன்பதாவது காலைக் கழற்றிவிட வேண்டும் என்பது அந்தக் காகிதத்தின் இரண்டாம் பக்கத்தில் படத்தோடு இருந்தது. அவன் போர்டைக் கால்களின் மேல் வைத்தான், எட்டுத் திருகுகளையும் இறுக்கினான், வயர்களை அழகாக மடித்துக் கட்டினான். மதியத்துக்குள் முடித்துவிட்டான்.

"நீயே அமுக்குக்கா" என்று பெருந்தன்மையாகச் சொன்னான்.

அக்கா பொத்தானை அமுக்கினாள். விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. 'டிக்' என்று ஒரு சத்தம். பிறகு கருகிய வாசனை. மறுபடி அமுக்கியதில் எதுவுமே நடக்கவில்லை.

"என்னடா?"

"இரு, பாக்கறேன்."

அந்த நேரம் பார்த்து ஒப்பந்தக்காரர் ஒருவர் போன் செய்ய, அக்கா உள்ளறைக்குப் போனாள். அவன் திருகுகளைக் கழற்றிப் போர்டைத் தூக்கினான். துளையே இல்லாத இடத்தில், போர்டின் முதுகில் முட்டிக்கொண்டு, ஒன்பதாவது கால் நின்றிருந்தது. அதற்கு நேர்மேலே போர்டில் மிளகு அளவுக்கு வட்டமாக ஒரு கறுப்பு. அவனுக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்தது. காது மடல் சுட்டது. உள்ளறையில் அக்கா, "நாளைக்கே குடுத்துடறேங்க, புது மெஷின் வந்துடுச்சு, என் தம்பிதான் அடுக்கறான்" என்று சொல்வது கேட்டது.

அவன் அந்தக் காலைத் திருகி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அக்கா திரும்பி வந்தபோது வாய் தானாகப் பேசியது. "போர்டு செத்துப்போச்சுக்கா. கடையிலயே சரியில்லாததக் குடுத்துருக்காங்க."

அக்கா விடுகிற ஆளில்லை. மறுநாள் காலையே போர்டையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். டெக்னீஷியன் போர்டைத் திருப்பி விளக்குக்கு அடியில் பிடித்தாள். அந்தக் கறுப்பு வட்டத்தில் அவள் விரல் நின்றது. நிமிர்ந்து நேராக அவனைக் கேட்டாள். "சார், கேஸுக்குள்ள போர்டுக்கு அடியில கூடுதலா ஒரு பித்தளைக் கால் இருந்துச்சா?"

அக்காவும் அவனைப் பார்த்தாள்.

"இல்லையே" என்றான்.

"நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க."

"இல்லைங்கறானே" என்று அக்கா குறுக்கே வந்தாள். "சின்ன வயசுலேர்ந்து இதையே பண்ணிட்டிருக்கறவன். அவனுக்குத் தெரியாதா?"

கடைக்காரர் எழுந்து வந்தார். வாடிக்கையாளர் முகம் சுளித்தால் தாங்காத மனிதர். போர்டைப் பார்த்தார், டெக்னீஷியனின் மேசையில் சிதறிக்கிடந்த திருகுகளைப் பார்த்தார். "டெஸ்ட் பண்றப்ப அடியில திருகு ஏதாவது கிடந்திருக்கும், நீ பாத்திருக்க மாட்ட. அப்ப ஓடிட்டு அப்புறம் செத்திருக்கும்" என்று அவளிடம் சொன்னார். அவள் மறுக்கத் தொடங்கினாள். அதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். "கையெழுத்துப் போட்டு ஸ்டிக்கர் ஒட்டத் தெரியுது, கவனமா வேல பாக்கத் தெரியலயா? இப்படிப்பட்டவங்கள எதுக்குங்க இந்த மேசையில உக்கார வைக்கறீங்க? எனக்கு ஒரு நாள் வேல போச்சு."

டெக்னீஷியன் போர்டை மேசையில் வைத்தாள். அவனை மட்டும் ஒரு தடவை பார்த்தாள். அவன் சுவரில் தொங்கிய விலைப்பட்டியலை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தான்.

புதுப் போர்டு கிடைத்தது. அன்று மாலையே அதை மாட்டினான். இந்த முறை காகிதத்தின் இரண்டாம் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, எட்டுக் கால், எட்டுத் துளை என்று இரண்டு முறை எண்ணினான். பொத்தானை அமுக்கியதும் கம்ப்யூட்டர் சத்தமே இல்லாமல் எழுந்தது. மாடிப்படி கண்சிமிட்டும் நேரத்தில் திரையில் வந்து நின்றது. அக்கா அவன் முதுகில் தட்டிக்கொடுத்தாள். அத்தான்கூட அன்று கிண்டல் பண்ணவில்லை. "சும்மா சொல்லக்கூடாது, கைராசிக்காரன்தான்" என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, தரையில் இறைந்து கிடந்த வயர் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினான்.

ஒரு வாரம் கழித்து அக்காவுக்கு நீளமான கேபிள் ஒன்று வேண்டியிருந்தது. அவனே போனான். சோதனை மேசையில் வேறொரு ஆள் உட்கார்ந்திருந்தான். டெக்னீஷியன் கடையின் கோடியில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே முக்காலியில் உட்கார்ந்து விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். கேபிளை எடுத்துக் கொடுக்க வந்தவளும் அவள்தான். "எத்தன மீட்டர்?" என்று கேட்டாள். அவன் சொன்னான். அளந்து கொடுத்தாள். இறங்கி வந்தவன் கடைசிப் படியில் வெகுநேரம் நின்றான், பிறகு வீட்டுக்குப் போய்விட்டான். அடுத்த இரண்டு நாளும் அலுவலகத்தில் பில்லில் ஊர் மாற்றி ஊர் எழுதினான். மூன்றாம் நாள் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மறுபடி அந்தப் படிகளில் ஏறினான்.

அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே போய் நின்று, சட்டைப்பையிலிருந்த பித்தளைக் காலை எடுத்து அவள் முன்னால் நீட்டினான். வரும் வழியெல்லாம் கோத்துவைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "இருந்துச்சு" என்று மட்டும் சொன்னான்.

அவள் அதை வாங்கவில்லை. கையில் ஒட்டவேண்டிய சீட்டு இருந்தது, அதைப் பெட்டியில் ஒட்டினாள். "எனக்கு அன்னைக்கே தெரியும் சார்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நான் கேட்டேன். நீங்க இல்லன்னீங்க." அடுத்த சீட்டை உரித்தாள். "இத எங்கிட்ட வந்து சொல்லி என்ன ஆகப் போவுது? எனக்குத் தெரியாதத ஒண்ணும் நீங்க சொல்லல. தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

அவன் கடைக்காரரிடம் போனான். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். கடைக்காரர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தான். அவரோ சிரித்து, அவன் தோளில் கை போட்டார். "அட, அதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? போர்ட கம்பெனிக்கு அனுப்பி மாத்தியாச்சு. யாருக்கும் நஷ்டமில்ல. கில்லாடி சார் நீங்க." திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

"அவங்கள மறுபடி மேசையில உக்கார வைங்க. தப்பு என்னோடது."

"நானாவா எடுத்தேன்? உங்க அக்கா நாலு பேர் முன்னாடி சொன்னாங்க, எடுத்தேன். அவங்களே வந்து சொல்லட்டும், வைக்கறேன்."

ஆக, எந்த வாசலுக்குப் போகாமல் இருக்க இத்தனையும் செய்தானோ, அந்த வாசலில்தான் போய் நிற்க வேண்டியதாயிற்று.

அக்கா வரைந்துகொண்டிருந்தாள். அவன் நின்றபடியே சொன்னான். ஒன்பதாவது கால், சட்டைப்பை, கடையில் சொன்ன பொய், விலைச்சீட்டு, எல்லாவற்றையும். அவள் திரும்பவில்லை. மௌசின் மேல் இருந்த கை மட்டும் அசையாமல் நின்றது.

"போர்டு போனா போவுது" என்றாள் கடைசியில். "எங்கிட்டச் சொல்லியிருந்தா, ரெண்டு திட்டு திட்டிட்டு வேற வாங்கியிருப்பேன். அந்தப் பொண்ண என் வாயால பேச வெச்சிட்டியேடா. அவ உங்கிட்டக் கேட்டாளே. ரெண்டு தடவ கேட்டாளே. நான் பக்கத்துலயே நின்னேனே."

"நீ என்ன நினைப்பியோன்னு..."

"இப்ப என்ன நினைக்கறேன்னு தெரியுமா?"

அவனுக்குத் தெரிந்தது. அவள் வரைபடத்தைச் சேமித்துவிட்டு எழுந்து, முகம் கழுவி, வேறு புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். "வா. நாலு பேர் முன்னாடி பேசினத நாலு பேர் இருக்கறப்பதான் திருப்பி வாங்கணும். சாயங்காலம் கடையில கூட்டம் இருக்கும்."

மாடிப்படி ஏறியதும் அவனைக் கதவுக்கு வெளியே நிறுத்தினாள். "நீ உள்ள வராத. உன் மூஞ்சியப் பாத்தா நான் உன்னத் திட்ட ஆரம்பிச்சிடுவேன். நான் வந்தது அதுக்கில்ல."

கண்ணாடிக் கதவு வழியாக அவன் பார்த்துக்கொண்டு நின்றான். பேச்சு எதுவும் கேட்கவில்லை. அக்கா கடையின் நடுவில் நின்று ஏதோ சொன்னாள், வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் இரண்டு கையையும் விரித்தார். டெக்னீஷியன் முக்காலியிலிருந்து எழுந்தாள். அக்கா அவள் கையைப் பிடித்தாள். அவள் கொஞ்ச நேரம் பிடித்திருக்க விட்டுவிட்டு, மெதுவாக உருவிக்கொண்டாள். அக்கா ஒரு முறை வாசல் பக்கம் கை காட்டியபோது கடையிலிருந்த அத்தனை தலையும் அவன் பக்கம் திரும்பின. படியிறங்கி ஓடிவிடலாம் என்று கால் பரபரத்தது. ஆனாலும் நின்றான்.

திங்கட்கிழமை டெக்னீஷியன் பழைய மேசைக்குத் திரும்பினாள். அக்காவும் பத்துப் பதினைந்து நாளில் அவனோடு பழையபடி பேசத் தொடங்கினாள். ஆனால் மிக்ஸி நின்றுபோனபோது தெருமுனைக் கடையில் கொடுத்து வாங்கிக்கொண்டாள். அவனாகவும் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து அக்காவின் கம்ப்யூட்டருக்கு இன்னொரு டிஸ்க் சேர்க்க வேண்டியிருந்தது. அக்கா கடைக்குப் போன் செய்தாள். டெக்னீஷியன் வந்தபோது அவனும் அங்கே இருந்தான், கதவைத் திறந்ததே அவன்தான். அவள் "வணக்கம்" என்றாள். அவனும் சொன்னான். அவள் தரையில் உட்கார்ந்து கண்ணாடிப் பக்கத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தாள். எதையும் தொடுவதற்கு முன்னால் போனை எடுத்து, உள்ளே இருந்த ஒவ்வொன்றையும் போட்டோ பிடித்தாள். போர்டு, வயர்கள், திருகுகள், மூலைகள்.

"எதுக்கும்மா இத்தன போட்டோ?" என்று அக்கா கேட்டாள்.

"இப்பெல்லாம் அப்படித்தாங்க. திறக்கறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு எடுத்து வெச்சுக்குவேன்."

அவன் தலை தானாகக் குனிந்தது. உள்ளே அடிப்பக்கம் இருட்டாக இருந்ததால், அவன் தன் போனில் விளக்கைப் போட்டு, மண்டியிட்டு, அவள் கை போகும் இடத்துக்கெல்லாம் வெளிச்சம் காட்டினான்.

"கொஞ்சம் கீழ" என்றாள் அவள், அவனைப் பார்க்காமல். "இன்னும் கொஞ்சம். ம், அங்கயே புடிங்க."