இரண்டாவது ஆள்

எங்கள் சபையில் கடைசியாக மிஞ்சியது மூன்று பேர்: நான், கூடப்பிறக்காவிட்டாலும் நான் அக்கா என்று கூப்பிட்டவள், அவள் புருஷன். மழைக்காலத்தில் அக்காவும் போய்ச் சேர்ந்தாள். மிச்சம் நானும், என் வீட்டுக்காரரைச் சாகடித்த ஆளும்.

சாகடித்த ஆள் என்று சொன்னால் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. விபத்து என்பார்கள். ஐஸ் பேக்டரியில் அம்மோனியா குழாய் வெடித்தது விபத்துதான், ஒத்துக்கொள்கிறேன். பின்கதவைப் பூட்டி வைத்ததும் விபத்தா? பின்வழியாக ஐஸ் கட்டி களவு போகிறது என்று முதலாளி சத்தம் போட, போர்மேன் பெரிய பூட்டாக வாங்கித் தொங்கவிட்டார். குழாய் வெடித்த அன்று முன்பக்கம் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். என் வீட்டுக்காரர் பின்பக்கம் உப்புத்தண்ணீர்த் தொட்டி அருகே இருந்தார். சாவியோடு தான் ஓடியதாகவும், பூட்டு துருப்பிடித்துத் திறக்கவில்லை என்றும் போர்மேன் விசாரணையில் சொன்னார். எல்லோரும் நம்பினார்கள், நானும் நம்பினேன். பூட்டியதற்காக அவரை வெறுத்தேன், திறக்கப் பார்த்தாரே என்று பொறுத்துக்கொண்டேன். அந்தப் போர்மேன்தான் அக்காவின் புருஷன்.

சபை என்றதும் கோபுரமும் மணியும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை, நாலு பெஞ்சு. ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு என்பதால் கடைக்காரர் மாடியை எங்களுக்கு விட்டிருந்தார். பஞ்சர் ஒட்டும் பசை வாடைதான் எங்களுக்குத் தூபம். பேக்டரி ஓடிய காலத்தில் அறை கொள்ளாமல் படிக்கட்டில் உட்கார்ந்து பாடுவார்கள்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆராதனையில் பிட்டுப் பகிர்கிற அப்பம் என்பது கடையில் வாங்கும் சாதாரண ரொட்டிதான். அதைப் பிட்கும் முன் கையில் வைத்திருப்பவர் கேட்பார்: "யாருக்காவது யார் மேலயாவது மனக்குறை இருக்கா?" ஒவ்வொருவராக "இல்ல" என்று சொல்லிக்கொண்டு வர வேண்டும். ஒரே ஒருவர் "இருக்கு" என்றாலும் அப்பம் அப்படியே நிற்கும். தீர்கிற வரைக்கும் யாரும் எழுந்து போகக் கூடாது. இயேசு இந்த அறையில் இருக்கிறார் என்று நம்பினால் அவருக்கு எதிரில் ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டு உட்கார முடியாது என்பது எங்கள் பாஸ்டரின் வாதம்.

ஒருமுறை இரண்டு சகலைகள் ஓர் ஏணிக்காக முறைத்துக்கொண்டார்கள். இரவல் வாங்கியவன் படி உடைந்த ஏணியைச் சத்தமில்லாமல் சுவரில் சாத்திவிட்டுப் போயிருக்கிறான். ஏணிக்காரன் "இருக்கு" என்றான். போச்சு. காலையில் உட்கார்ந்தவர்கள் வெயில் சாயும் வரை உட்கார்ந்தோம். குழந்தைகள் பசியில் சிணுங்கின. என் வீட்டுக்காரர் என் காலை மிதித்து, "புது ஏணி ஒண்ணு வாங்கிக் குடுத்துத் தொலைச்சிடலாமா?" என்று கிசுகிசுத்தார். கடைசியில் இரவல் வாங்கியவன், "படி உடைஞ்சப்ப நானும் சேர்ந்து விழுந்தேன். வெக்கமா இருந்துச்சு, சொல்லல" என்று அழுதுவிட்டான். ஏணிக்காரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அப்புறம் எல்லோருக்கும். அப்பம் காய்ந்து அட்டையாகியிருந்தது. அதைப் பிட்டுக் கைமாற்றியபோது இயேசு எங்கள் நடுவில் இருந்தார். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் அங்கே இருந்தேன், எனக்குத் தெரியும்.

குடித்துவிட்டுத் தெருவில் கிடந்த என் வீட்டுக்காரர் குடியை விட்டதும் அந்த அறையில்தான். அதனால் வேறு சபைக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. அவர் செத்த பிறகு ஒரு தடவை பெரிய ஆலயம் ஒன்றுக்குப் போய்ப் பார்த்தேன். பாட்டு பிரமாதம். மனசுக்குள் கத்தியை வைத்துக்கொண்டு போனேன், அதே கத்தியோடு திரும்பி வந்தேன். என்ன என்று கேட்க அங்கே ஆளில்லை.

பேக்டரியை இழுத்து மூடியதும் சபை கரைய ஆரம்பித்தது. பிழைப்புத் தேடிக் குடும்பம் குடும்பமாகப் போனார்கள், கடைசியில் பாஸ்டரும் போனார். போகும்போது, "ரெண்டு பேர் என் பேரால கூடினாலும் நான் அங்க இருப்பேன்னு அவரே சொல்லியிருக்காரும்மா. ரெண்டு பேர் போதும். விட்டுடாதீங்க" என்றார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொள்ள வேறு எதுவும் எனக்கு இல்லை. பிள்ளை குட்டி கிடையாது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை, வீட்டுக்கு வந்தால் நாலு சுவர்.

அப்புறம் வாராவாரம் மூன்று பேர் கூடினோம். போர்மேன் அப்பத்தை எடுத்துக் கேட்பார். அக்கா "இல்ல" என்பாள். நான் "இல்ல" என்பேன். அவரும் "இல்ல" என்பார். என்னுடையது பச்சைப் பொய். உண்மையைச் சொன்னால் அப்பம் நின்றுவிடும், ஆண்டவர் வரமாட்டார் என்ற பயத்தில் சொன்ன பொய். அக்கா எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து புருஷன் கையிலிருந்து வாங்கி என் கையில் கொடுப்பாள். அந்த ஆளின் விரல் பட்ட ஓரத்தைக் கிள்ளிப் போட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பேன். அவரோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அக்காவைப் பார்த்துச் சொல்வேன்.

அந்த அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது, நிமோனியா என்றார்கள், ஆஸ்பத்திரியிலேயே உயிர் போனது. அவள் படுத்திருந்த வார்டின் விரிப்புகள் எங்கள் சலவைக்கூடத்துக்கு வந்தன. எது அவளுடையது என்று தெரியாததால் அத்தனையையும் நானே துவைத்தேன், வேறு யாரையும் தொட விடவில்லை. கூடப்பிறந்தவளுக்குக்கூட அப்படி அழுதிருக்க மாட்டேன்.

அடக்கம் முடிந்து வந்த ஞாயிறு மாடிப்படியில் பாதி ஏறி நின்றுவிட்டேன். மேலே அந்த ஆள் மட்டும்தான் இருப்பார். திரும்பிப் போனால் நான் ஒருத்தி, ஏறினால் இரண்டு பேர். இயேசு வர வேண்டுமென்றால் எனக்கு இன்னோர் ஆள் தேவை. ஆண்டவருக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று வாய்விட்டே திட்டினேன். திட்டிக்கொண்டே ஏறினேன்.

போர்மேன் முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது. அக்கா இருந்தால் விட்டிருப்பாளா? நான் எதிர்ப்பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் ஜெபத்தை ஆரம்பித்துப் பாதியிலேயே விட்டார். அப்பத்தை எடுத்தார். கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"இல்ல" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நடுவில் அக்கா இல்லை. அவர் முகத்தைப் பார்த்தே சொல்ல வேண்டியிருந்தது. வரவில்லை.

"இருக்கு" என்றேன்.

அப்பத்தைத் துணிமேல் வைத்தார். நான் கேட்பதற்கு முன்னாலேயே, "தங்கச்சி, பூட்டு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. என்ன பூட்டு என்று கேட்டேன்.

"துருவெல்லாம் ஒண்ணும் இல்ல. சாவி என் கையில இருந்துச்சு. கதவு வரைக்கும் போனேன். உள்ள இருந்து தட்டினார். அண்ணே, அண்ணேன்னு கூப்பிட்டார். சந்து வழியா வாடை வந்துச்சு. கண்ணு எரிஞ்சுது. கதவைத் திறந்தா மொத்தமும் என் மேல வரும்னு பயந்துட்டேன். திரும்பி ஓடிட்டேன். அப்புறம் மறுபடி கதவுகிட்ட போறப்ப சத்தம் நின்னிருந்துச்சு."

எவ்வளவு நேரம் தட்டினார் என்று கேட்டேன். "தெரியல" என்றார். தெரியும் என்று அவர் முகமே சொன்னது.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே சொன்னேன். வெளிய சொல்லாதீங்கன்னு அவதான் கையைப் பிடிச்சுக்கிட்டா."

அந்த ஆள் பயந்ததைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது, அக்கா என் கையில் அப்பத்தை வைத்து வைத்துக் கொடுத்ததைத் தாங்க முடியவில்லை. ஆக மூன்று பேரும் வாராவாரம் ஆண்டவர் முகத்துக்கு நேரே பொய் சொல்லியிருக்கிறோம். சொல்லிவிட்டு, எங்கள் நடுவில் வந்தீரே என்று பாட்டு வேறு பாடியிருக்கிறோம்.

போர்மேன் எழுந்தார். "நான் இனிமே இங்க வரமாட்டேன். நீ நிம்மதியா வேற சபைக்குப் போ" என்று வாசலைப் பார்த்து நடந்தார்.

"உட்காருங்க" என்று கத்தினேன். "அன்னைக்கும் இப்படித்தானே திரும்பிப் போனீங்க? இன்னைக்கும் போவீங்களா? உட்காருங்க!"

உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்திருந்தேன். அழுதேன், திட்டினேன், என் வீட்டுக்காரர் உள்ளே என்னவெல்லாம் பட்டிருப்பார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். காதைப் பொத்திக்கொள்ளாமல் கேட்டார். அதை மறுக்க மாட்டேன். அப்பத்தில் எறும்பு ஏறியது, இரண்டு பேரும் தட்டிவிடவில்லை.

"இதை என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? போலீஸ்ல சொல்லுங்க" என்றேன்.

"சொல்றேன். சொன்னா உள்ள வச்சிடுவாங்க." கொஞ்சம் தயங்கினார். "அப்புறம் இங்க நீ ஒருத்திதான்."

மிரட்டலாகச் சொல்லவில்லை. எனக்காக வருத்தப்பட்டுச் சொன்னார், அதுதான் இன்னும் எரிந்தது. ஆனால் விஷயம் அதேதான். இந்த ஆளை அனுப்பிவிட்டால் என்னோடு கூட ஆளில்லை. ஒன்றும் தெரியாதது போல அடுத்த வாரமும் வந்து "இல்ல" என்று சொல்லிவிட்டுப் போகலாம். அப்பம் இருக்கும், பாட்டு இருக்கும், ஆண்டவர் மட்டும் இருக்கமாட்டார். எப்படிப் பார்த்தாலும் இழப்பு எனக்குத்தான்.

"கிளம்புங்க" என்றேன்.

போலீஸ் ஸ்டேஷன் வரை கூடவே நடந்தேன். வழியில் மனசு மாறி ஓடிவிடுவாரோ என்றுதான் போனேன், வேறு காரணம் கற்பிக்க வேண்டாம். அங்கே மேஜையில் இருந்த போலீஸ்காரர் அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க யாரும்மா? இவருக்குச் சொந்தமா?"

"உள்ள செத்தாரே, அவர் பொண்டாட்டி."

"அப்போ இவர்கூட எதுக்கு வந்தீங்க?"

வாய் வரைக்கும் ஏதோ வந்தது. "ஒரே சபை" என்றேன். போலீஸ்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளிலும் மாடிக்குப் போனேன். பெஞ்சைத் துடைத்தேன், அப்பத்தை வைத்தேன். நானே கேள்வி கேட்டேன், நானே பதில் சொன்னேன். கீழே போகிறவன் கேட்டிருந்தால் எனக்குக் கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பான். தனியாக ஜெபித்தால் ஆண்டவர் கேட்கமாட்டார் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் தினமும் தனியாகத்தான் ஜெபிக்கிறேன். ஆனால் தனியாக இருந்தால் என் மனசில் உள்ள கத்தி யாரையும் குத்துவதில்லை. அதைப் பிடித்துக்கொண்டே சௌகரியமாக இருந்துவிடலாம். அந்த அறையில் நான் பார்த்த இயேசு அப்படிச் சௌகரியமாக யாரையும் விட்டுவைத்ததில்லை.

இரண்டாவது ஆள் இருந்த சிறையில் புதன்கிழமைதான் பார்க்க விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை லீவை விட்டுக்கொடுத்துப் புதனுக்கு மாற்றிக்கொண்டேன். கூட வேலை செய்கிறவள், "யாரைப் பார்க்க?" என்றாள். சொன்னேன். "உனக்குச் சூடு சொரணை இல்லையா?" என்றாள். இருக்கிறது, தேவைக்கு அதிகமாகவே இருக்கிறது.

பையில் ரொட்டி கொண்டுபோயிருந்தேன். வெளிச்சாப்பாடு கூடாது என்று வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே நீளமான அறை, குறுக்கே இரட்டைக் கம்பிவலை. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள், நடுவில் ஓர் ஆள் நடக்கும் இடைவெளி. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். வக்கீல் என்ன சொன்னான், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா, அம்மா ஏன் வரவில்லை என்று ஒரே இரைச்சல்.

போர்மேன் வந்தார். யார் வந்திருப்பார்கள் என்று தேடினார், என்னைப் பார்த்ததும் சுவரோரம் ஒதுங்கினார். கன்னம் உள்ளே போயிருந்தது. தாடி வெள்ளையாக வளர்ந்திருந்தது. நல்லா வேணும் என்றுதான் முதலில் தோன்றியது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேனோ என்றுகூட நினைத்தேன். சொல்வதற்கு ஒரு வரி வழிமுழுக்க யோசித்து வைத்திருந்தேன். நான் மன்னிக்கல, மன்னிக்கவும் மாட்டேன், அதைத் தெரிஞ்சுக்கங்க.

அவர் மெல்ல வலையருகே வந்தார். வலையில் விரலைக் கோத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். நான் திட்டுவதற்காகக் காத்திருந்தார். பக்கத்தில் ஒரு பெண் குழந்தையைத் தூக்கிப் பிடித்து அப்பாவைக் காட்டிக்கொண்டிருந்தாள். வலைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர், மொத்தம் இரண்டு பேர். யோசித்து வைத்த வரி தொண்டையில்தான் இருந்தது. வாயைத் திறந்தேன்.

"சாப்பிட்டீங்களா?"

அந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார். முகம் கோணிக்கொண்டது, வலையில் நெற்றியை முட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதார். எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. என் வீட்டுக்காரர் தட்டத் தட்டத் திரும்பிப் போனவனைப் பார்த்து ஒரு பொண்டாட்டி கேட்கிற கேள்வியா இது? வாய் என்னுடையதுதான். கேட்டது நான் இல்லை என்று இன்றைக்கும் சாதிப்பேன்.