வெள்ளை அணி கோல் போட்டால்

பழைய கால்பந்து வீடியோ கேமுக்கு என் குரலில் அரபு வர்ணனை சேர்த்தவன் நான். சிவப்பு அணி ரசிகன். அதனால் சிவப்பு கோலுக்குத் தொண்டை கிழியும் கூச்சல் வைத்தேன்; வெள்ளை கோலுக்கு ஒரே ஒரு இருமல்.

எகிப்தில், எங்கள் தான்தா நகரத்துக் காபிக்கடையில் அதை விளையாடிய என் மைத்துனன் ஷுக்ரி வெள்ளை அணி வெறியன். "ஏன் ராஃபத் மச்சான், நாங்க கோல் போட்டா மட்டும் உனக்குச் சளி பிடிச்சுக்குதா?"

"அப்ப நீயே கத்தித் தொலை" என்று மைக்கை நீட்டினேன். அவன் கத்தும்போது காதைப் பொத்திக்கொண்டேன். அப்படியே சேர்த்து இணையத்தில் ஏற்றியும்விட்டேன்.

மறுவாரம் ஓமானிலிருந்து ஒருவர் எழுதினார்: "வர்ணனை பிரமாதம். ஆனா வெள்ளை கோல் விழுந்ததும், 'ராஃபத், மூஞ்சிய இனி எங்கடா வச்சுக்குவ?'ன்னு கேக்குறாரே, யாருங்க அந்த ராஃபத்?"

நீக்கிவிடலாம் என்று உட்கார்ந்து கேட்டேன். பாவிப்பயல், என்னைவிட நன்றாகக் கத்தியிருக்கிறான்.

இருக்கட்டும், விட்டுவிட்டேன்.