கீரிமலையை இரண்டாம் முறை அழுத்தினால்

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பிலிருந்து வந்தது. அழைப்பை எடுத்தவள் நான். கதையில் எடுப்பவளுக்குத் துஷாந்தினி என்று பெயர் வைத்திருக்கிறேன். தெரியாதவர்களோடு கதைக்கும்போது எனக்கு வசனம் பாதியில் நின்றுவிடும். அவளுக்கும் நிற்கும். ஆனால் அவளுக்கு நிற்கும்போது நான் பக்கத்திலிருந்து பார்க்கலாம். அதற்காகத்தான் அவள்.

தொடக்கங்கள் பல எழுதினேன். ஒன்று:

"சாவகச்சேரி பஸ் நிலையத்துக்கு அருகே, ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில், துஷாந்தினி பெட்டி செய்துகொண்டிருந்தாள்."

செத்தவீடு வரப்போகிற கதை இது. முதல் வரியிலேயே பெட்டி செய்தால் வாசகர் வேறு பெட்டியை நினைப்பார். வெட்டினேன்.

இன்னொன்று:

"தெரிவு செய்தல் என்பது, ஒரு மனிதர் தன் முன்னால் உள்ள அனைத்திலும்

இது எங்கே போய் முடியும் என்று எனக்கே தெரியவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன், நீங்கள் பார்ப்பதற்காக.

2

துஷாந்தினி செய்தது ஒரு ட்ரொப்டவுன். இணையத்தளத்தில் ஒரு பெட்டி இருக்கும். தொட்டால் அதிலிருந்து ஒரு பட்டியல் கீழே விழும். வேண்டிய பெயரைத் தொட்டால் பக்கத்தில் சரி அடையாளம் வரும். அந்தப் பெயர் மேலே ஒரு சின்னச் சீட்டைப்போல ஒட்டிக்கொள்ளும். ஒன்றல்ல, எத்தனையும் தொடலாம். மனம் மாறினால் அதே பெயரை இன்னொரு முறை தொட வேண்டும். அடையாளமும் போகும், சீட்டும் போகும்.

அவளுக்கு அதில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. ஒருமுறை செய்துவிட்டால் எங்கேயும் பொருத்தலாம். கடலுணவு விற்கும் ஒருவரின் தளத்தில் அது மீன்களைக் காட்டியது. ஒரு விளையாட்டுக் கழகத்தின் தளத்தில் போட்டிகளைக் காட்டியது. மரண அறிவித்தல் தளம் ஒன்றில் ஊர்களைக் காட்டியது. தனக்குள் என்ன இருக்கிறது என்று பெட்டிக்குத் தெரியாது. பாரை மீனும் நூறு மீற்றர் ஓட்டமும் வட்டுக்கோட்டையும் அதற்கு ஒன்றுதான்.

(பக்கக் குறிப்பு: அவள் பௌதிக விஞ்ஞானம் படித்தவள். பள்ளிக்கூடத்தில் கணிதத்தில் தொடைகள், ஆங்கிலத்தில் செற், என்றொரு பாடம் இருந்தது. ஒரு தொடையில் மூலகங்கள் எந்த ஒழுங்கில் இருந்தாலும் அது அதே தொடைதான். ஒரு மூலகம் இரண்டு தடவை வந்தாலும் ஒரு தடவை என்றே கொள்ள வேண்டும். இந்த இரண்டு விதிகளையும் அவள் பெட்டிக்குள் அப்படியே வைத்திருந்தாள். தெரிவு செய்தவற்றை அகரவரிசையில் அடுக்கியும் கொடுத்தாள். பார்க்க வடிவாக இருக்கும் என்று நினைத்தாள்.)

3

அழைப்புகளை எடுப்பது நிருஷன் அண்ணாவின் வேலை. அலுவலகம் அவருடையது. அன்று காலை அவர் தேநீர் குடிக்கக் கீழே போயிருந்தார். தொலைபேசி அடித்தது. நின்றுவிடும் என்று துஷாந்தினி பார்த்துக்கொண்டிருந்தாள். நிற்கவில்லை.

"வணக்கம்..."

"ஆர் பிள்ளை கதைக்கிறது? மரண அறிவித்தல் போடுற இடமே?"

"ஓம்... இல்லை, நாங்கள் அந்த வெப்சைற்றைச் செய்து..."

"அப்ப சரியான ஆளிட்டைத்தான் வந்திருக்கிறன். நான் மீனாம்பிகை, கீரிமலையிலையிருந்து. அப்பா நேற்றுப் பின்னேரம் மோசம் போயிட்டார். நாளைக்குக் காலமை எடுக்கிறம். அறிவித்தல் இண்டைக்குப் போகவேணும். கனடாவிலை தம்பி நித்திரை கொள்ளாமல் போன் எடுத்துக்கொண்டிருக்கிறான். உங்கடை பெட்டி எங்களை விடுகுதில்லை."

அந்தப் பக்கத்தில் ஏதோ இரும்புச் சாமான் உரசும் சத்தம். ஓர் ஆண்குரல் கதிரைகளை எங்கே இறக்குவது என்று கேட்டது.

"என்ரை தலையிலை இறக்குங்கோ, செபமாலை அண்ணை. பந்தல் எதுக்குப் போட்டிருக்கு? பிள்ளை, நிக்கிறீரே?"

"ஓம் அக்கா."

"அப்பா பிறந்தது மயிலிட்டி. பிறப்பிடத்திலை அது வந்திட்டுது. கலியாணம் முடிச்சு கீரிமலை. பிறகு இடம்பெயர்ந்து வட்டுக்கோட்டை. அதுக்குப் பிறகு சாவகச்சேரி. ஆமி காணியை விட்ட கையோடை திரும்பக் கீரிமலை. வதிவிடம் எண்ட இடத்திலை நான் இதைத்தான் வரிசையா அமத்துறன். கடைசியாக் கீரிமலையை அமத்தினா, முதல் அமத்தின கீரிமலையும் போகுது."

துஷாந்தினி வாயைத் திறந்தாள்.

"கேக்குதே பிள்ளை?"

"கேக்குது அக்கா. ஒருக்கா மட்டும் அமத்தினா..."

"ஒருக்கா அமத்தினா 'கீரிமலை, சாவகச்சேரி, வட்டுக்கோட்டை' எண்டு தன்ரை பாட்டுக்கு மாத்திப் போடுது. வாசிக்கிற சனம் என்ன நினைக்கும்? மனிசன் கீரிமலையை விட்டு வெளிக்கிட்டு, கடைசியிலை வட்டுக்கோட்டையிலை வாடகை வீட்டிலை கண்ணை மூடினார் எண்டுதானே? அவர் வந்திட்டார் பிள்ளை. கூரை இல்லாத வீட்டுக்கு வந்து தறப்பாள் கட்டிக்கொண்டு இருந்தவர். விசர் எண்டு நாங்கள் எல்லாரும் பேசினனாங்கள். அறிவித்தலிலை அவர் திரும்பி வரவேணும். அவ்வளவுதான்."

"நான் பாத்துச் சொல்லுறன் அக்கா."

"எப்ப?"

"மத்தியானத்துக்கு..."

"மத்தியானம் எண்டால் மத்தியானம். பாத்துச் சொல்லுறன் எண்டிட்டுப் பாத்துக்கொண்டே இருக்கிறேல்லை."

வைத்துவிட்டார்.

4

மீனாம்பிகையை முதலில் ஒரு வயதான பெண்ணாக எழுதினேன். கண்ணாடியைத் தேடுகிறவர், எந்த இடத்தில் தொடுவது என்று தெரியாதவர். இரண்டு பத்தி போனதும் பொய் என்று தெரிந்தது. குரலுக்கு நாற்பது வயது இருக்கும். தையற்கடை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன். சட்டை அளவுகளை வாட்ஸ்அப்பில் வாங்குகிறார். பெட்டியை அவர் பிழையாகப் பாவிக்கவில்லை. நடந்ததை நடந்த ஒழுங்கில் தொட்டிருக்கிறார்.

ஓரிடத்தில் "அவருடைய குரல் தழு" என்று எழுதி நிறுத்தினேன். தழுதழுக்கவில்லை. கதிரை இறக்க வந்தவரை ஏசிக்கொண்டிருந்தார். அழுதிருந்தால் எனக்கு எழுதுவது இலகுவாக இருந்திருக்கும்.

அந்த நேரத்தில் எனக்கு வந்தது இரக்கமா என்று கேட்டால், முதலில் இரக்கமில்லை. எப்படி இது நடக்கிறது என்று பார்க்க ஆசை வந்தது. செத்தவீட்டுக்காரர் ஒருவரோடு கதைத்த பிறகு அப்படி ஓர் ஆசை வருவது சரியா என்று தெரியவில்லை. என்றாலும் பார்த்தேன். (துஷாந்தினி பார்த்தாள்.)

கீரிமலை. வட்டுக்கோட்டை. சாவகச்சேரி. கீரிமலை.

போய்விட்டது. இன்னொரு முறை தொட்டாள். வந்தது. இன்னொரு முறை. போனது. ஒற்றை எண்ணிக்கையில் தொட்டால் அந்த ஊரில் இருந்திருக்கிறார். இரட்டை எண்ணிக்கையில் தொட்டால் ஒருநாளும் இருந்ததில்லை. திரும்பி வந்ததைச் சொல்லத் தொடுகிற விரலும், பிழையாகச் சேர்த்ததை அழிக்கத் தொடுகிற விரலும் பெட்டிக்கு ஒரே விரல். அதற்கு வேறுபாடு சொல்லிக்கொடுக்க வேண்டியவள் அவள். சொல்லிக்கொடுக்கவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு வேறுபாடு இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

இதில் எனக்கு இன்றுவரை விளங்காத இடம் ஒன்று உண்டு. அவளும் இந்தப் பக்கத்தில்தான் பிறந்தவள். தன் வீட்டார் எத்தனை முறை வெளிக்கிட்டு எத்தனை முறை திரும்பினார்கள் என்று அவள் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். ஒற்றையா இரட்டையா என்று

(அது வேறு கதை. நிறுத்துகிறேன்.)

5

நிருஷன் அண்ணா மேலே வந்தார்.

"என்ன, பேயைக் கண்டமாதிரி இருக்கிறீர்?"

"ஒரு அக்கா எடுத்தவ. ஊர் ரெண்டு தரம் வரவேணுமாம்."

"ரெண்டு தரமோ? ஒருக்கா காணாதாமோ?"

அவள் சொன்னாள். பாதி வசனங்களில்தான் சொன்னாள். தறப்பாள் வந்த இடத்தில் அவர் சிரிப்பதை நிறுத்தினார்.

"சின்ன வேலை இது. அறிவித்தலுக்குள்ளை நான் கையாலை அடிச்சு விடுறன். 'மீண்டும் கீரிமலை'. முடிஞ்சுது."

"'மீண்டும்' எண்டு அவ கேக்கேல்லை."

"அப்ப ரெண்டாவதைக் 'கீரிமலை கேணியடி' எண்டு போடுவம். பேர் வேறை. பெட்டி ஒண்டும் சொல்லாது."

அது நல்ல யோசனை. அவளே அழைப்பு எடுத்துக் கேட்டாள். வாடிக்கையாளர் ஒருவருக்குத் தானாக அழைப்பு எடுப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

"வீடு ஒண்டு பிள்ளை," என்றார் மீனாம்பிகை. "அதே கிணறு. அதே படலை. பேரை மட்டும் ஏன் மாத்துவான்? மத்தியானம் எண்டனீர், மறக்காதையும்."

நிருஷன் அண்ணா கதிரையில் சாய்ந்தார். "அப்ப பெட்டியைத்தான் மாத்தவேணும். ஓரிடத்திலை மாத்தினா எல்லா இடத்திலையும் மாறும், தெரியும்தானே? மீன்காரர் என்னைத் திண்டுபோடுவார். ஒருத்தர் பாரையை ரெண்டு தரம் அமத்தினா ரெண்டு பாரையே குடுக்கிறது?"

"குடுக்கட்டும்," என்றாள் துஷாந்தினி.

(இதை நான் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் நினைத்தேன், சொல்லியிருக்கலாம் என்று. கதை எழுதுவதில் இப்படியும் ஒரு வசதி இருக்கிறது.)

நான் உண்மையில் சொன்னது, "ஒரு சுவிட்ச் வைக்கலாம் அண்ணா" என்று. போட்டால் ஒரு பெயரை எத்தனை முறையும் சேர்க்கலாம், சேர்த்த ஒழுங்கிலேயே நிற்கும். போடாவிட்டால் பழைய பெட்டி. மீன்காரருக்குப் போடத் தேவையில்லை.

வேலை தொடங்கிய பிறகுதான் கேள்விகள் வந்தன. இரண்டாம் தொடுகை இனி அழிக்காது என்றால் எதனால் அழிப்பது? ஒவ்வொரு சீட்டிலும் பெருக்கல் குறிபோல ஒரு சின்னப் புள்ளடி வைக்க வேண்டும். சரி. பட்டியலில் கீரிமலைக்குப் பக்கத்தில் எத்தனை சரி அடையாளம்? ஒன்று போட்டால் அவர் திரும்பியது தெரியாது. இரண்டு போட்டால் போனது தெரியாது. இடையில் இரண்டு ஊர்கள் இருந்தன அல்லவா? நேரம் போய்க்கொண்டிருந்தது. கீழே பருத்தித்துறை பஸ்காரர் ஊர்ப்பெயர்களைக் கூவினார், தனக்கு வேண்டிய ஒழுங்கில். அவள் சரி அடையாளத்தை எடுத்துவிட்டு எண்களைப் போட்டுப் பார்த்தாள்.

வட்டுக்கோட்டை 2. சாவகச்சேரி 3. கீரிமலை 1, 4.

அவளுடைய பெட்டி முதல் தடவையாக ஏதோ ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பதுபோல இருந்தது.

(இந்தக் கடைசி வசனம் கொஞ்சம் கூடிப்போய்விட்டது. பெட்டிக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வெட்ட மனம் வரவில்லை.)

6

மத்தியானம் நெருங்குகிறது. என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

அ. வேலை முடியவில்லை. புள்ளடியைத் தொட்டால் பக்கத்துச் சீட்டு அழிகிறது. நிருஷன் அண்ணா பொறுமையிழந்து, 'மீண்டும்' என்ற சொல்லோடு கையால் அடித்து அறிவித்தலை விட்டுவிடுகிறார். கனடாவிலிருந்து தம்பி அழைக்கிறார். "அக்கா, 'மீண்டும்' எண்டு ஆர் போட்டது? நல்லாக் கிடக்கு." மீனாம்பிகை, "அவையள் போட்டது," என்கிறார். நல்லது என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. துஷாந்தினி அன்று சாப்பாட்டுப் பொதியைத் திறக்கவில்லை.

ஆ. வேலை முடிகிறது. அறிவித்தல் போகிறது: "மயிலிட்டியைப் பிறப்பிடமாகவும், கீரிமலை, வட்டுக்கோட்டை, சாவகச்சேரி, கீரிமலை ஆகிய இடங்களை வதிவிடமாகவும் கொண்ட கதிரவேலு தம்பிஐயா அவர்கள்..." மீனாம்பிகை அழைத்து, "வந்திட்டார்," என்று மட்டும் சொல்கிறார். அடுத்த நிமிடம் மீன்காரர் அழைக்கிறார். அவசரத்தில் துஷாந்தினி அந்தத் தளத்திலும் சுவிட்சைப் போட்டுவிட்டாள். யாரோ ஒருவர் வீட்டுக்கு இரண்டு பாரை போயிருக்கிறது. அவர் முறையிடவில்லை.

இ. வேலை முடிகிறது, ஆனால் மத்தியானத்துக்கு அல்ல. பின்னேரம். அதற்குள் கனடாத் தம்பி, ஆட்களுக்குத் தெரியட்டும் என்று, பழைய பெட்டி கொடுத்த ஒழுங்கிலேயே அறிவித்தலை எல்லாருக்கும் அனுப்பிவிட்டார். வட்டுக்கோட்டையில் முடிகிற அறிவித்தல். துஷாந்தினி தளத்தில் உள்ளதைத் திருத்துகிறாள். கீரிமலை ஆட்களுக்கு எந்த அறிவித்தலும் தேவைப்படவில்லை. அவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். எல்லாம் முடிந்து கதிரைகளை ஏற்றுகிறபோது மீனாம்பிகை போனைத் திறந்து, தளத்தில் கடைசி ஊரை வாசிக்கிறார். வாசித்துவிட்டு அவர்

தெரியவில்லை. நான் அங்கே இல்லை.

மூன்றிலும் ஒன்று மட்டும் மாறவில்லை. அந்த மனிதர் தறப்பாளுக்குக் கீழே வந்து இருந்தார், அந்த வீட்டிலேயே கண்ணை மூடினார். அறிவித்தல் எதைச் சொன்னாலும் அது நடந்தது. அப்படியென்றால் எதற்காக அவள் அவ்வளவு அவசரப்பட்டாள் என்று என்னையே கேட்டேன். நடந்ததைச் சொல்ல முயன்ற ஒருவருடைய விரலை நான் செய்த ஒன்று அழித்தது. எனக்குக் கிடைத்த பதில் அவ்வளவுதான்.

1

(எண் பிழையல்ல.)

எந்த முடிவு நடந்தது என்று எனக்குத் தெரியும். அழைப்பை எடுத்தவள் நான்தானே. ஆனால் அதைச் சொன்னால் மற்ற இரண்டும் அழிந்துவிடும். அந்த வேலையை இனிச் செய்ய எனக்கு விருப்பமில்லை.

மூன்றும் மேலே இருக்கின்றன. வேண்டியதைத் தொடுங்கள். ஒன்றுக்கு மேலும் தொடலாம். நீங்கள் தொட்ட ஒழுங்கிலேயே நிற்கும். நான் அடுக்கி வைக்க மாட்டேன். ஒன்றைத் தொட்டுவிட்டு, வேறெங்கோ போய், கனகாலம் கழித்துத் திரும்பி வந்து அதையே தொட்டாலும் பரவாயில்லை. அது அழியாது. அதை மட்டும் திருத்திவிட்டேன்.