ஆறு வருஷத்துக் கும்பிடு

முன்னோரைக் கும்பிடும் சிங்மிங் நாளில், மத்தியானத்துக்குள் மேட்டின் உச்சியில் தாள் வைக்காத கல்லறைகளை 'வாரிசு இல்லை' என்று குறித்துவிடுவார்களாம். அப்புறம் மலையில் சாலை போடும்போது எலும்புகளை அள்ளிப் பொதுக்குழியில் கொட்டிவிடுவார்கள். இதைக் கேட்ட நாளிலிருந்து பெய்ஜெனுக்குச் சோறு இறங்கவில்லை. கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டுக் கல்லறைக்குப் போனால் அண்ணன் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். ஆகாவிட்டால் போகட்டும் என்று இந்த வருஷம் மலையேறி வந்துவிட்டாள்.

அண்ணன் குவாங்யாவ் சிரித்தான். “ஆறு வருஷமா நான்தானே வரேன். அம்மா இருக்கிற இடம் எனக்குத் தெரியாதா? உனக்கு எப்பவும் பதற்றம்தான்.”

புல்லை வெட்டி, உச்சியில் மஞ்சள் தாளை வைத்துக் கல்லால் அழுத்தினான். பச்சை நிற மாவுருண்டை, வேகவைத்த கோழி, தேநீர் எல்லாம் படைத்தாயிற்று. அப்படியும் அவள் மனம் அடங்கவில்லை. கல்லெழுத்துக்குச் சிவப்புச் சாயம் பூசலாமென்று தூரிகையை எடுத்தாள்.

“அதை யாரு பார்க்கப்போறா? நான் ஒரு வருஷமும் பூசினதில்லை.”

அவள் பாசியை நகத்தால் சுரண்டினாள். அம்மாவின் குடும்பப் பெயர் ஷேன். கல்லில் லுவோ என்றிருந்தது.

“அண்ணா, இது யாரு?”

குனிந்தவன் தானும் ஒருமுறை சுரண்டிப் பார்த்தான். லுவோதான்.

மணி பதினொன்றரை. குறிக்க வந்த ஊழியர் மேல் சரிவில் ஏறிக்கொண்டிருந்தார்.  பெய்ஜென் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். இருவரும் மூங்கில் புதருக்குள் நுழைந்து, மணி பன்னிரண்டு ஆகும்வரை கல் கல்லாகச் சுரண்டிப் பார்த்தார்கள். நான்கு வரிசை மேலே, மார்பளவு புல்லுக்குள் ஷேன் என்ற பெயர் இருந்தது. அதன்மேல் ஈரம் காயாத சிவப்புப் பெருக்கல் குறி. ஊழியர் பக்கத்திலேயே நின்று எழுதிக்கொண்டிருந்தார்.

“எழுதாதீங்க தம்பி, இது எங்கம்மா.”

“இவ்வளவு புல்லு மண்டிக் கிடக்கே அக்கா. பிள்ளைங்க யாரும் வரலையா?”

“வந்தேன் தம்பி,” என்றான் குவாங்யாவ், தலையைத் தூக்காமல். “வருஷம் தவறாம வந்தேன். வேற ஒரு அம்மாகிட்ட.”

ஊழியர் துணியால் குறியைத் துடைத்தார். “தாளை வைங்க. பேரைச் சேர்த்துக்கிறேன்.”

கூடையில் தாள் மிச்சமிருந்தது. படைக்கத்தான் ஒன்றுமில்லை.

“கீழே போய்க் கோழியை எடுத்துட்டு வந்துடறேன்,” என்றான் அண்ணன்.

“வேண்டாம். படைச்சதைப் பிடுங்கக் கூடாது. அந்த அம்மாவைக் கும்பிட ஒரு பிள்ளை வந்திருந்தா உன் தப்பு முதல் வருஷமே தெரிஞ்சிருக்கும்.”

பெய்ஜென் மண்டியிட்டு வெறுங்கையால் புல்லைப் பிடுங்கினாள்.

“ரொம்பப் பசிச்சுதாம்மா?” என்று கேட்டவளுக்கு அதற்குமேல் அழுகையை அடக்க முடியவில்லை.